சீர்த்தட்டில் வந்த பவர் சப்ளை

தாய்மாமன் சீர் என்றால் பட்டுச் சேலை வரும், பித்தளை அண்டா வரும், மாமன் கொஞ்சம் வசதியான ஆளாக இருந்தால் பீரோகூட வரும். சின்னமனூரில் வேலுச்சாமி வீட்டுப் புது மாடி அறைப் பால்காய்ச்சுக்கு வந்த சீர்த்தட்டிலோ, வெற்றிலை பாக்கு, தேங்காய், வாழைப்பழம், மஞ்சள் கிழங்குக்கு நடுவில் கம்ப்யூட்டருக்குள் மாட்டும் பவர் சப்ளை ஒன்று சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. பெட்டியின் மேல் வாயைப் பிளந்த சிங்கத்தின் படம். சிங்கத்தின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

பார்த்த எல்லாருக்கும் சிரிப்பு வந்தது. வேலுச்சாமியின் மகள் ஹேமாவதிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அவளுடைய கம்ப்யூட்டருக்கு இனி வர வேண்டியது அந்த ஒரு சாமான்தான். தேனியில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் செய்கிற பெண் அவள். வேலை முடிந்த நேரத்தில் கம்ப்யூட்டரில் துப்பாக்கி ஆட்டம் ஆடுவாள். சும்மா பொழுதுபோக்குக்கு இல்லை, அணி கட்டிப் போட்டிக்குப் போய் ஆடுகிற ஆட்டம். போன வருடம் மதுரையில் நடந்த போட்டியில் அவளும் உத்தமபாளையம் பாஜிலாவும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஜெயித்தார்கள். அதில் சிறந்த ஆட்டக்காரி என்று ஹேமாவதிக்குத் தனியாக, திரையில் ஆட்டத்தின் படத்தை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு ஒன்று கொடுத்தார்கள். அவள் சம்பளத்தில் நினைத்துப் பார்க்க முடியாத கார்டு. அதை அம்மாவின் பட்டுச் சேலை மடிப்புக்குள் வைத்துப் பூட்டி, மற்றச் சாமான்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வந்தாள். அந்த வீட்டில் அவள் தன் கையால் சம்பாதித்த பொருள், யாரும் பங்கு கேட்க முடியாத பொருள் அது ஒன்றுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுப் போட்டி. இதுவரை ஆடிக்கொண்டிருந்த தேனி பிரவுசிங் சென்டரை ஜூஸ் கடை ஆக்கிவிட்டார்கள் என்பதால் இந்த முறை வீட்டிலிருந்துதான் ஆட வேண்டும்.

பவர் சப்ளை என்பது சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி, கம்ப்யூட்டரின் ஒவ்வொரு உறுப்புக்கும் அது தாங்கும் அளவுக்குப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. நல்லதாக இருந்தால் அது இருப்பதே தெரியாது. மட்டமாக இருந்தால் தான் மட்டும் செத்துத் தொலையாது. பக்கத்தில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். பாஜிலா வீட்டில் அப்படித்தான் ஒரு நாள் 'டப்'பென்று சத்தம் கேட்டு, கருகின நாற்றம் வந்து, பார்த்தால் பவர் சப்ளையோடு மதர்போர்டும் போயிருந்தது. அதிலும் சின்னமனூர்ப் பக்கத்துக் கரண்டுக்குக் கேட்கவே வேண்டாம். தோட்டங்களில் மோட்டார் ஓடும்போது பல்பு சிம்னி விளக்கு மாதிரி எரியும். மோட்டார் எல்லாம் நின்றதும் வோல்டேஜ் விர்ரென்று ஏறி மின்விசிறி பறக்கும். இதையெல்லாம் தாங்குகிற பெட்டி எது என்று ஹேமாவதி ஒரு மாதமாகப் படித்து, பாஜிலாவோடு சண்டை போட்டு, கடைசியில் ஒன்றை முடிவு செய்து வைத்திருந்தாள். எழுநூற்றைம்பது வாட்ஸ். சம்பளம் வந்ததும் வாங்குவதாக இருந்தாள்.

அதை அம்மாவிடம் சொன்னதுதான் தப்பு. முருகம்மாளுக்கு அண்ணனிடம் சொல்லாமல் வீட்டில் உப்பு வாங்கக்கூட மனசு வராது.

அண்ணன் சங்கரலிங்கம் ஓடைப்பட்டியில் திராட்சை வியாபாரி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, உள்ளே தெரிகிற பனியன், விரலில் மோதிரங்கள். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொருளானாலும் அதைப் படித்துப் பார்க்க மாட்டார், யாரிடமும் விசாரிக்க மாட்டார். கையில் தூக்கிப் பார்ப்பார். மிக்சி வாங்கப் போனாலும், செல்போன் வாங்கப் போனாலும், மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் போட்ட நகை என்றாலும் உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை மேலே தூக்குவார். கனமாக இருந்தால் நல்ல சாமான், கனமில்லாவிட்டால் தக்கை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அந்தப் பக்கத்தில் மோட்டாரையும் ஸ்டெபிலைசரையும் எல்லாருமே அப்படித்தான் வாங்குகிறார்கள். கனம் என்றால் உள்ளே செம்புக் கம்பிக் காயில் நிறைய இருக்கிறது என்று கணக்கு.

அவர் வாங்குகிற விதம் இது. விற்கிற விதத்தை ஹேமாவதி ஒரு கோடை விடுமுறையில் ஓடைப்பட்டியில் அவர் திராட்சைப் பெட்டி கட்டுகிற ஷெட்டில் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். எடை கூட்டுவதற்காகப் பெட்டியின் அடியில் பழைய பேப்பரைத் தண்ணீரில் முக்கிப் பிழியாமல் விரிப்பார்கள். அதற்கு மேல் வெடித்த பழம், நசுங்கின பழம், எறும்பு மொய்த்த குலை. எல்லாவற்றுக்கும் மேலே புதுமணப்பெண் மாதிரி இரண்டு நல்ல குலையைப் படுக்க வைத்து மூடுவார்கள். ஷெட் முழுக்கப் புளித்த சாறும் ஈயும். சாறு பாவாடை ஓரத்தில் ஒட்டிப் பிசுபிசுக்கும். அந்த வருடத்துக்குப் பிறகு அவள் வாயில் ஒரு திராட்சை போனதில்லை. மாமா வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த நாற்றம் அவர் சட்டையிலிருந்து வருவதாக அவளுக்கு ஒரு நினைப்பு. அவர் போடுகிற சென்ட்டு அதற்கு மேலே படுக்க வைத்த நல்ல குலை.

"ஏத்தா ஹேமா, எதுக்கு ஒதுங்கி நிக்கிற? இங்கன வா" என்று சங்கரலிங்கம் கூப்பிட்டார். குட்டியானை வண்டியில் வந்து இறங்கிய களைப்பே இல்லை முகத்தில். "எல்லாம் வந்துருச்சு, கரண்டுப் பொட்டி மட்டும்தான் பாக்கின்னு உங்கம்மா சொல்லுச்சு. மாமன் இருக்கையில எம் மருமகப் புள்ள எதுக்கு ஏங்கணும்? எழுநூத்தம்பதுதான் கேட்டியாமே? நான் ஆயிரத்து எரநூறு வாங்கியாந்திருக்கேன்!"

கூடியிருந்தவர்கள் 'அப்படிப் போடு' என்கிற மாதிரி சத்தம் போட்டார்கள்.

"கடைக்காரன் பத்துத் தினுசு எடுத்துப் போட்டான். நீ சொன்ன கம்பெனிதும் அங்கன இருந்துச்சு. தூக்கிப் பாத்தேன், தக்கை. இத எடுத்தேன் பாரு, கை எறங்குது. காப்பருய்யா! உள்ள சுத்தக் காப்பரு."

பெட்டியைப் பிரித்து வெளியே எடுத்தார். அதோடு விட்டாரா? குழந்தைக்குப் பெயர் வைக்கிற வீட்டில் பிள்ளையைக் கைமாற்றுவது போல அதை ஆளாளுக்குத் தூக்கக் கொடுத்தார். ஹேமாவதியின் அப்பா வேலுச்சாமி வாங்கி அடுத்த ஆளிடம் கொடுத்தார். அவருடைய பங்காளி கருத்தக்கண்ணன் தூக்கிப் பார்த்துவிட்டுக் கண்ணை விரித்தார்.

"ஆத்தாடி, என்னா கனம்! எங்க போர் மோட்டாருல இருக்க காயில் பூராம் இதுக்குள்ள இருக்கும் போலயே."

"கனம் பாக்காம நான் எதையும் இந்த வீட்டுக்குக் கொண்டாந்ததில்ல" என்று சங்கரலிங்கம் அறை மூலையைக் காட்டினார். அங்கே இடுப்பளவு உயரத்தில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. "அந்தா நிக்குதுல்ல. இவ சடங்குக்கு நான் வச்ச சீரு. ஒத்த ஆளா எவனாச்சும் அலுங்காமத் தூக்கிரட்டும் பாப்போம்."

யாரும் தூக்க வரவில்லை. முருகம்மாள் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சுற்றி வந்து கடைசியில் பவர் சப்ளை ஹேமாவதியின் கைக்கு வந்தது. கனம்தான். ஆனால் அந்தக் கனம் ஒரே பக்கமாக இழுத்தது. வயர்களைப் பார்த்தாள்; நூல் மாதிரி இருந்தன. ஆயிரத்து இருநூறு வாட்ஸ் என்று சிங்கம் கர்ஜிக்கிறது, அந்த வயரில் அதில் கால்வாசி ஓடினாலே உருகிவிடும். வாட்ஸ் எழுதியிருந்த காகிதத்தில் எழுத்துப் பிழை. தரச் சான்று என்று எதுவுமே இல்லை. பல பேர் கைப்பட்டு, வியர்வையும் குங்குமமும் சேர்ந்து பிசுக்கேறியிருந்த அதைத் தொட்டுக்கொண்டிருப்பதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"நல்ல நேரம் முடியுறதுக்குள்ள மாட்டிருத்தா. எரியுறதப் பாத்துட்டுத்தான் பந்தியில உக்காருவேன்" என்றார் சங்கரலிங்கம்.

முருகம்மாள் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டாள். பால் எடுத்து வருகிற சாக்கில் மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஒருக்கா மாட்டிக் காட்டிருடி. எரிஞ்சதும் பொறவு கழட்டி வச்சிரு."

"ஒருக்கா போதும்மா கார்டு கருகுறதுக்கு."

"கார்டு போனா இன்னொண்ணு வரும். எங்கண்ணன் கோவிச்சுக்கிட்டுப் போனா நான் எங்கடி போவேன்? சீரத் தட்டி விட்டான்னு ஆச்சுன்னா அவுக எம் வாசப்படி மிதிக்க மாட்டாக. எனக்குப் பொறந்த வீடுன்னு வேற யாரு இருக்கா?"

அம்மா அழவில்லை. அழுதிருந்தால்கூட ஹேமாவதி எரிந்து விழுந்திருப்பாள். ஒரு கையால் படிக்கட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, பிச்சை கேட்பது போல நின்றாள். ஒரு மனுசன் ஆசையாகக் கொண்டுவந்த குப்பைக்காகத் தன் அம்மா இப்படி நிற்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்தபோது அவளுக்கு மாமாவின் மேல், சீரின் மேல், கூடி நின்று சிரிக்கிற அத்தனை பேர் மேலும் குமட்டிக்கொண்டு வந்தது. மாட்டினால் கார்டு போகும். மாட்டாவிட்டால் அம்மாவுக்கு அண்ணன் போவார்.

மேலே வந்தாள். பவர் சப்ளையை மேசை மேல் வைத்துவிட்டுச் சிரித்த முகமாகக் கேட்டாள்.

"மாமா, உள்ள சுத்தக் காப்பர்னு சொன்னீகள்ல. எல்லாரும் வெளிய இருந்துதான் தூக்கிப் பாத்தாக. தொறந்து காமிச்சா கண்ணாலயும் பாத்துக்கிருவாகள்ல?"

சபையில் அப்படி ஒரு கேள்வி வந்தால் எந்த மாமன்தான் வேண்டாம் என்பான்? சங்கரலிங்கத்தின் கண் ஒரு தரம் சிமிட்டியது. அடுத்த நிமிடம் நெஞ்சை நிமிர்த்தினார்.

"தொறந்து காட்டு தாயி. எவனுக்கும் சந்தேகம் இருக்கக் கூடாது."

நாலு திருகாணிதான். மூடி கழன்று வந்தது. பாதிப் பெட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைப் பலகை, அதில் பொட்டுப் பொட்டாக நாலைந்து சாமான். மீதிப் பாதியை அடைத்துக்கொண்டு கறுப்பு டேப் சுற்றிய ஒரு கட்டி. சுற்றிலும் அரக்கு நிறத்தில் பசை வழிந்து இறுகியிருந்தது. கட்டியிலிருந்து இரண்டு வயர் புறப்பட்டு, எங்கும் போய்ச் சேராமல் அதே பசைக்குள் புதைந்தன. ஹேமாவதி பிளேடால் டேப்பைக் கீறினாள். சாம்பல் நிறத்தில் பொடி உதிர்ந்தது.

சிமெண்டு.

முருகம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஹேமாவதி மாமாவின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை பேர் முன்னால் இப்படி ஆகிவிட்டதே, மனுசன் கூனிக் குறுகிப் போவாரே என்று ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. அப்படிப் பாவப்பட்டதற்காகப் பிற்பாடு தன்னையே திட்டிக்கொண்டாள்.

சங்கரலிங்கம் கட்டியை நெம்பி எடுத்தார். உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை தூக்கினார்.

"முக்காக் கிலோ. கூடக் கொறைய இருக்காது."

பிறகு சிரித்தார். கோபச் சிரிப்பில்லை, அசட்டுச் சிரிப்பில்லை. பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்த தகப்பன் சிரிக்கிற சிரிப்பு.

"எவன்யா இவன்! கெட்டிக்காரப் பய! காதுல வச்சு ஆட்டி ஆட்டிப் பாத்தேனே, ஒரு சத்தம் வரலயே! பாருய்யா பசைய, நகத்த வச்சாக்கூடப் பேர மாட்டேங்குது."

"வயரு வேற விட்டுருக்கான் பாருங்க, நெசம் மாதிரி" என்றார் கருத்தக்கண்ணன், கட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தபடி. "மண்டையில என்னமோ இருந்திருக்கு அவனுக்கு."

அவ்வளவுதான், அறை கலகலப்பாகிவிட்டது. சிமெண்டுக் கட்டி கை மாறியது, பவர் சப்ளை மாறின அதே வரிசையில். ஆளாளுக்குத் தங்களுக்குத் தெரிந்த ஏமாற்று வேலைகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஏமாந்த கோபம் ஒருவருக்கும் இல்லை. திருட்டைச் சுத்தமாகச் செய்திருக்கிறான் என்று திருடனுக்கு மரியாதை செய்தார்கள். ஒருவர் கட்டியைப் பிடித்துக்கொண்டு போட்டோவே எடுத்துக்கொண்டார். ஹேமாவதி கீழே இறங்கிப் போய்க் குழாயடியில் வாய் கொப்பளித்தாள். சாப்பிட்டதென்னவோ ஒன்றுமில்லை.

போகும்போது சங்கரலிங்கம் மருமகள் தலையில் கை வைத்து, "நீ கேட்ட கம்பெனிதவே வாங்கித் தாரேன் தாயி. மாமன் சீரு கொறைப்படக் கூடாது" என்றார். சிங்கப் பெட்டியை மூடி, திருகாணிகளைப் பழையபடி போட்டு வாங்கிக்கொண்டார். சிமெண்டுக் கட்டியை மட்டும் துண்டில் முடிந்து தனியாக எடுத்துப் போனார். அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

சொன்னது போலவே வாங்கினார். புதன்கிழமை ஷெட்டு ஆள் ஒருவர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். ஹேமாவதி தேர்ந்தெடுத்து வைத்திருந்த அதே கம்பெனி, அதே எழுநூற்றைம்பது. வயர்கள் விரல் தடிமனுக்கு இருந்தன. முத்திரை, தரச் சான்று, எல்லாம் சரி. அன்று சாயங்காலமே உட்கார்ந்து மாட்டினாள். கார்டைப் பட்டுச் சேலையிலிருந்து எடுத்துச் செருகி ஸ்விட்சைப் போட்டபோது விசிறிகள் மெல்லச் சுழன்றன, திரை விரிந்தது. பெட்டியில் கை வைத்துப் பார்த்தாள். சூடில்லை, சத்தமில்லை. தோட்டத்து மோட்டார்கள் நின்று வோல்டேஜ் ஏறி, மின்விசிறி சுற்றுகிற சுற்றில் காலண்டர் படபடத்தபோதுகூடத் திரையில் ஒரு சிமிட்டல் இல்லை. பாஜிலாவுக்கு வீடியோ அனுப்பினாள்.

"பாத்தியா, எங்கண்ணன் சொன்னா செஞ்சிருவாக" என்றாள் முருகம்மாள். ஹேமாவதி ஆமாம் என்று தலையாட்டினாள். மாமாவைப் பற்றி நினைத்ததையெல்லாம் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு ஆடினாள்.

சனிக்கிழமை காலையில் அணியோடு பயிற்சி ஆட்டம் முடிந்த நேரம், முருகம்மாள் செல்போனை ஏந்திக்கொண்டு மாடிக்கு வந்தாள். "மாமா உன்கிட்டப் பேசணுமாம்" என்று நீட்டினாள். ஹேமாவதி ஸ்பீக்கரைப் போட்டு மேசை மேல் வைத்தாள்.

"கம்ப்யூட்டர் ஓடுதாத்தா?"

"நல்லா ஓடுது மாமா."

"சரி சரி. ஒரு சின்ன வேல பாக்கணுமே. அன்னைக்கு அந்தச் சிமெண்டுக் கட்டிய ஒட்டியிருந்தான் பாரு ஒரு பசை, அது என்ன பசைன்னு கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லு. எங்கன கெடைக்கும்னும் பாத்துரு. முக்கியமா ஒண்ணு, ஈரத்துல விடாம நிக்கணும்."

"எதுக்கு மாமா?"

"பொட்டிக்குத்தான்" என்றார், ஒளிவு மறைவே இல்லாமல். "நனஞ்ச பேப்பர் இப்பச் செல்லுபடியாக மாட்டேங்குது தாயி. கேரளாக்காரன் வெவரமாயிட்டான். கூடலூர்ல வச்சே பொட்டியக் கவுத்து உதறிப் பாக்குறான். அடி அட்டைக்கு நடுவுல சன்னமாச் சிமெண்டுப் பலக வாத்து ஒட்டிட்டோம்னா உதறுனாலும் விழாது, தட்டுனாலும் சத்தம் வராது. நான் சாதாப் பசைய வச்சுப் பாத்தேன். திராட்சத் தண்ணி பட்டதும் விட்டுப்போச்சு."

ஹேமாவதிக்கு ஷெட்டு நாற்றம் மூக்கில் ஏறியது. துண்டில் முடிந்த கட்டி எதற்கு என்று இப்போது தெரிந்தது. அவள் கார்டு, அவள் மாதக்கணக்கில் கட்டின கம்ப்யூட்டர், ஆட்டத்தை விட்டால் அது செய்யப்போகிற முதல் வேலை இதுவா?

"நான் பாக்க மாட்டேன் மாமா."

"ஏன்?"

"அருவருப்பா இருக்கு."

சங்கரலிங்கம் பேச்சைத் தங்கச்சி பக்கம் திருப்பினார்.

"முருகம்மா, கேட்டியா உம் மக பேச்ச?" சிரித்துக்கொண்டே பேசுகிற குரல் முதல் தடவையாக மாறியிருந்தது. "நாலு பேரு முன்னால எஞ் சீரத் தொறந்து காட்டுனா. மொகஞ் சுளிச்சேனா? சிரிச்சுக்கிட்டேதான போனேன்? கேட்டத வாங்கிக் குடுத்தேன். ஒரு பசை பேரு கேட்டா அருவருப்பாம்ல. எஞ் சீரு மட்டும் இனிக்குதோ? எஞ் சீரு வேணும்னா எஞ் சொல்லக் கேக்கணும்."

வேடிக்கையைப் பாருங்கள். ஊர் முன்னால் ஏமாளி ஆனதற்கு வராத கோபம், கூட்டுச் சேர மறுத்ததற்கு வந்துவிட்டது.

"அப்பறம் கூப்புடுறேண்ணே" என்று முருகம்மாள் போனை அணைத்தாள். ஹேமாவதி கெஞ்சலுக்குத் தயாரானாள். மாமா கேட்டதைப் பாத்துச் சொல்லிரு, ஒரு பேருதானே என்பாள் அம்மா. எழுந்து போய்விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அம்மா கெஞ்சவில்லை. அறை மூலைக்குப் போய்க் குத்துவிளக்கைக் கட்டிப்பிடித்து, இழுத்து இழுத்து மேசையருகே கொண்டுவந்தாள். தரையில் சாய்த்துப் படுக்க வைத்தாள். அடிப்பாகத்தில் வட்டமாக ஒரு மெல்லிய தகடு. அதன் விளிம்பில் பசை காய்ந்து மஞ்சள் பூத்திருந்தது. நகத்தை விட்டு நெம்பினாள். தகடு பெயர்ந்து வந்தது.

உள்ளே சாம்பல் நிறம்.

"எப்பம்மா பாத்த?"

"உஞ் சடங்கு முடிஞ்ச மறு வருசம். பொங்கலுக்குப் புளி போட்டு வெளக்குறப்பத் தகடு பேந்துச்சு. நாந்தான் ஒட்டி வச்சேன்."

"மாமாகிட்டக் கேக்கலயா?"

"எவனோ அவுகளையும் ஏமாத்திப்புட்டான்னு நெனச்சேன். சொன்னா மனசு ஒடிஞ்சு போவாகளேன்னு சொல்லல. எம்புட்டு ஆசையாக் கொண்டாந்தாக தெரியுமா? டிராக்டர்ல வச்சு, மேளத்தோட." முருகம்மாள் அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அன்னைக்கு அந்தக் கட்டியப் பாத்து அவுக சிரிச்சாக பாரு. அதுலருந்து எனக்குச் சோறு எறங்கல."

போனை எடுத்தாள். அவளே கூப்பிட்டாள், ஸ்பீக்கரைப் போடத் தெரியாமல் மகளிடம் நீட்டி, போட்டு வாங்கிக்கொண்டாள்.

"அண்ணே, நீங்க குடுத்த வெளக்குல அடியில சிமெண்டு இருக்கு."

சங்கரலிங்கம் பலமாகச் சிரித்தார். கோபம் போன இடம் தெரியவில்லை.

"இப்பத்தான் பாத்தியா?"

"தெரியுமாண்ணே உங்களுக்கு?"

"தெரியாம வாங்குவேனா? பித்தளக் கனம் வேற, கல்லுக் கனம் வேற. எங் கைக்குத் தெரியாதா? சபைக்கு எடுப்பா இருந்துச்சுல்ல, அதான வேணும்."

ஹேமாவதி குறுக்கே கேட்டாள். "அப்ப அந்தச் சிங்கப் பொட்டி?"

"சந்தேகம்தான்" என்றார் மாமா. "இல்லாட்டி எதுக்குக் காதுல வச்சு ஆட்டிப் பாக்கப் போறேன்? சபையில வச்சு எவ தொறந்து பாக்கப் போறான்னு நெனச்சேன். நீ எமகாதகி. சரி, அதெல்லாம் விடு, அந்தப் பசை..."

முருகம்மாள் போனை அணைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். ஒரு தடவை துடைத்தது போதாமல் மறுபடியும் துடைத்தாள். பதினைந்து பவுன் நகையோடு தன்னைக் கட்டிக்கொடுத்த அண்ணன், தகப்பன் இல்லாத வீட்டில் தோளில் தூக்கிச் சுமந்த அண்ணன், வெள்ளிக்கிழமைதோறும் தான் எண்ணெய் ஊற்றி விழுந்து கும்பிட்ட விளக்கைத் தெரிந்தே கொடுத்திருக்கிறார். அவள் முகத்தில் அழுகை இல்லை. ஷெட்டில் வெடித்த பழத்தைத் தெரியாமல் மிதித்துவிட்டவளின் முகம் அது.

"கழட்டு" என்றாள்.

"என்னம்மா?"

"அவுக குடுத்த பொட்டியக் கழட்டு. வெளக்கோட சேத்துத் தட்டுல வச்சு நானே ஓடப்பட்டிக்குக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாரேன்."

இத்தனை நாளும் எல்லாரையும் பார்த்துக் குமட்டிக்கொண்டிருந்த ஹேமாவதியின் கை இப்போது எழவில்லை. நாளைக்குப் போட்டி. அவளை நம்பி நாலு பேர் இருக்கிறார்கள். இது நல்ல பெட்டி, அவளே தேடித் தேர்ந்தெடுத்த பெட்டி. இதற்குள் சிமெண்டு இல்லை. நாளை ஒரு நாள் மட்டும் ஆடிவிட்டுக் கொடுத்தால் என்ன என்று வாய் வரை வந்தது. வந்த அந்தப் பேச்சு மாமாவின் பேச்சு மாதிரியே இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. சீ என்றிருந்தது.

"அம்மா, நாளைக்கு மேட்ச்" என்று மட்டும் சொன்னாள்.

"தெரியும்" என்றாள் முருகம்மாள்.

ஹேமாவதி ஸ்விட்சை அணைத்தாள். விசிறிகள் நின்றன. முதலில் கார்டைக் கழற்றி அம்மாவின் கையில் கொடுத்தாள். முருகம்மாள் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். அது எவ்வளவு கனம் என்று தூக்கிப் பார்க்கவில்லை. அப்படியே நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஹேமாவதி பாஜிலாவுக்கு 'நாளைக்கு நான் இல்லை' என்று அனுப்பிவிட்டு, ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.